முந்திக்கொண்ட வியர்வை

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாளெல்லாம் மாடிகளுக்கு நடுவே இருட்டுக் கூண்டில் தனியாக வேலை. வீட்டுக்கு வந்தால் ஏழு வயது மகள். மனைவி கண்ணை மூடி இரண்டு வருஷம். சடை பின்னுவதைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டுவிட்டார். பவுடர் டப்பா ஒரே வாரத்தில் எப்படிக் காலியானது என்றுதான் விளங்கவில்லை.

"பக்கத்துல உக்கார்றவ மூக்கப் பொத்திக்கிறாப்பா," என்றாள் மகள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கவுன் மாட்டிவிடக் கையைத் தூக்கச் சொன்னபோது கவனித்தார். பெரியவர்களின் வியர்வை வாடை; அக்குளில் இரண்டொரு மெல்லிய முடி. அக்காவுக்குப் போன் போட்டார்.

"இந்த வயசுலயேவா? பொம்பள இல்லாத வீடு பாரு. யார்கிட்டயும் மூச்சு விடாத," என்று வைத்துவிட்டாள்.

மூச்சு விடாமல் எத்தனை நாள் இருப்பது? லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வரிசையில் எல்லாரும் அம்மாக்கள். ஒருத்தி அவர் மகளிடம், "அம்மா வரலியா?" என்றாள்.

"வேலைக்குப் போயிருக்காங்க," என்றாள் மகள், கண் இமைக்காமல். அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டரம்மா உயரமும் எடையும் பார்த்தார். நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். ரத்தம் எடுத்தார்கள், எலும்பின் வயதை அறிய இடது கையை எக்ஸ்ரே பிடித்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது.

"பயப்படாதீங்க. சிறுநீரகத்துக்கு மேல அட்ரீனல்னு ஒரு சுரப்பி இருக்கு. அது கொஞ்சம் முந்திக்கிட்டு வேலையை ஆரம்பிச்சிருச்சு; அதான் இந்த வாடையும் முடியும். எலும்பு வயசும் கொஞ்சம்தான் கூட. கட்டி கிட்டின்னு சந்தேகப்பட எதுவும் இல்ல."

"அப்ப வயசுக்கு வர்றது..?"

"அது வேற. அதுக்கான அறிகுறி இப்ப இல்ல. மருந்தும் வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, வளர்ச்சியைப் பாத்துக்குவோம்."

"என் வளர்ப்புல ஏதாவது கோளாறா, டாக்டர்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

வெளியே வந்ததும் போனை எடுத்தார். இந்த நிம்மதியை முழுசாகப் புரிந்துகொள்ள ஒரே ஒருத்திதான் இருந்தாள்; அவளும் போய் இரண்டு வருஷம். அக்காவின் எண்ணைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் மகள் கேட்டாள். "நிஜமா சொல்லுப்பா. என்கிட்ட நாத்தம் வருதா?"

"வருது. எனக்கும்தான் வருது. சோப்பு போட்டுக் குளிச்சா போயிடும்."

அவர் சட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தாள். "உன்கிட்டதான் ஜாஸ்தி!"

அவர் சிரித்தார். சிரித்து வெகு நாளாகியிருந்ததால் அந்தச் சத்தம் அவருக்கே வேற்றாள் சத்தம் போலக் கேட்டது.

அன்று மாலை, முதல் முறையாக, அவள் கதவைச் சாத்திக்கொண்டு தானே குளித்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை அவர் துண்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தார்.