ஷூவுக்குள்ள கை விட்டுப் பாருங்க

ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனியில நான் செக்கர். பதினோரு வருஷமா இதே வேலை. லைன்ல முடிஞ்சு வர்ற ஒவ்வொரு ஷூவுக்குள்ளயும் கை விட்டு, முன் நுனியில இருந்து குதிகால் வரைக்கும் தடவிப் பார்க்கணும். உள்ள நூல் முடிச்சு நிக்குதா, பசை கட்டியா இருக்கா, லைனிங் துணி சுருங்கியிருக்கா, ஆணி மொனை தட்டுப்படுதா? ஏதாவது இருந்தா அந்த எடத்துல சின்னதா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பொட்டியில போட்டுடுவேன். எந்த ஊர்லயோ இருக்கிற, மூஞ்சி தெரியாத ஒருத்தர் கால் உறுத்தக் கூடாதாம். அதுக்கு இவ்வளவு பாடு.

அப்படிப்பட்ட நான், எம் பொண்ணு ஷூ போட மாட்டேன்னு அழுதப்ப தொடையிலயே ரெண்டு வெச்சிருக்கேன். இத மொதல்லயே சொல்லிடறேன். மத்தவங்க மேல இருக்கிற கோவத்த எல்லாம் இனிமேதான் கொட்டப் போறேன். என்னோடத மட்டும் மறைச்சா நல்லா இருக்காது.

அவளுக்கு இப்ப ஆறு வயசு. மூணரை வயசுலயே ஆட்டிசம்னு வேலூர் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா இன்னா, சொந்தக்காரங்க யாரும் ஒத்துக்கல. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ வேலைக்குப் போற இல்ல, புள்ள ஏங்கிப் போச்சு"ன்னாங்க. அவ அப்பா தோல் பதப்படுத்தற டேனரியில வேலை செய்றாரு. அவர யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவர் வேலைக்குப் போனா குடும்பத்தக் காப்பாத்தறாரு, நான் போனா புள்ள ஏங்குது. நல்லா இருக்குது நியாயம்!

காலையில ஏழேகாலுக்குக் கம்பெனி வேன் தெரு முனைக்கு வந்துடும். ரெண்டு நிமிஷம் நிக்கும், அப்புறம் போய்க்கினே இருக்கும். அதனால பல்லு தேய்ச்சு விடறது, குளிப்பாட்டறது, யூனிஃபார்ம் மாட்டறது எல்லாம் நானே. கடைசியில அவ காலப் புடிச்சு ஷூவுக்குள்ள திணிப்பேன். அவ கத்தற கத்து தெருவுக்கே கேக்கும். எதிர் வீட்டு அம்மா வாசல்ல நின்னு, "செல்லம் ஜாஸ்தி ஆயிடுச்சு"ன்னு சொல்லும். அதையும் கேட்டுக்கினு வேனுக்கு ஓடுவேன்.

ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் சேர்த்தோம், எங்க ஊர்ல இருக்கிற ஒரு பிரைவேட் ஸ்கூல். அங்க ஒரு பழக்கம். கிளாஸுக்கு வெளியவே ஷூவக் கழட்டி வரிசையா வெச்சிட்டு உள்ள போகணும். பிரேயருக்கு பெல் அடிச்சா மறுபடி போட்டுக்கினு கிரவுண்டுக்குப் போய் நிக்கணும். மத்த புள்ளைங்களுக்கு மூணு நிமிஷ வேலை. எம் பொண்ணு ஒரு சாக்ஸ கையில வெச்சிக்கினு வராண்டாவுலயே உக்காந்திருப்பா. பிரேயர் முடிஞ்சு எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் அதே சாக்ஸ்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னக் கூப்பிட்டு விட்டாங்க. அவங்க கார்ல வர்ற அம்மாக்களுக்கு "வாங்க, உக்காருங்க"ம்பாங்க. வேன்ல போற எனக்கு "இங்க பாரும்மா".

"இங்க பாரும்மா, ஷூ மாட்டக் கூட தெரியாத புள்ளைய வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? ஒரு மாசம் டைம் தர்றேன். தானா ஷூ போட்டுக்கினு பிரேயருக்கு வந்து நிக்கட்டும். இல்லன்னா டிசி வாங்கிக்கினு ஸ்பெஷல் ஸ்கூல் பாரு."

ஸ்பெஷல் ஸ்கூல் எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும். அதுவா பெருசு? எம் பொண்ணு குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர்னு வர்ற பஸ் போர்டு எல்லாம் எழுத்துக் கூட்டாம படிக்கிறவ. நூறு வரைக்கும் பின்னால இருந்து சொல்றவ. அவளப் போய் ஒரு சாக்ஸுக்காக வெளிய தள்ளப் போறாங்க.

சனிக்கிழமை லீவு சொல்லிட்டு வேலூருக்குக் கூட்டிக்கினு போனேன். அங்க ஒரு தெரபி சென்டர்ல ஆக்குபேஷனல் தெரபி பார்க்கிற பொண்ணு இருக்கு. அன்னாட வேலைய புள்ளைங்க தானா செய்யப் பழக்கறதுதான் அதோட வேலை. என்ன விட பத்து வயசு கம்மி இருக்கும். ஸ்கூல் ஷூவையும் சாக்ஸையும் பையில எடுத்துக்கினு போயிருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு.

"அக்கா, இந்த ஷூவுக்குள்ள கை விட்டுப் பார்த்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. யாரப் பார்த்து இன்னா கேக்குது! சிரிச்சிக்கினே கைய விட்டேன். சுண்டு விரல் பக்கம், லைனிங் சேர்ற எடத்துல, நூல் முடிச்சு. பக்கத்துலயே அரிசி சைஸுக்கு ஒரு பசைக் கட்டி. சாக்ஸத் திருப்பிப் பார்த்தா விரலுக்கு மேல குறுக்கால தடியா ஒரு தையல். மத்த புள்ளைங்களுக்குத் தெரியாது, இவளுக்கு அது முள்ளு. என் டேபிளுக்கு வந்திருந்தா கண்ண மூடிக்கினு ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். ரெண்டு வருஷமா இந்த மாதிரி ஷூவுக்குள்ளதான் அவ காலத் திணிச்சிருக்கேன். அழுதா அடிச்சும் இருக்கேன். அடிப்பாவி! அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

"அழாதீங்கக்கா, உறுத்தல் பாதிதான்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. மீதிப் பாதியையும் வெளக்குச்சு. எம் பொண்ணுக்கு ஷூ போடத் தெரியும். எதுல ஆரம்பிக்கிறது, எதுக்கு அப்புறம் எது, நடுவுல காக்கா கத்தினாலும் விட்ட எடத்துல இருந்து எப்படித் தொடர்றது, இந்த வரிசைதான் அவ மனசுல நிக்காது. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. வரிசைய மனசுக்கு வெளிய, கண்ணு முன்னாடி வெச்சிட்டா அவளே செஞ்சுடுவா.

கேட்டதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. எங்க லைன்ல ஒவ்வொரு டேபிளுக்கு மேலயும் படம் ஒட்டிருக்கும். இந்தத் துண்டு மொதல்ல, அப்புறம் இது, இந்தப் பக்கம் தையல். இருபது வருஷம் மிஷின்ல உக்காந்தவங்க கூட புது மாடல் வந்தா அதப் பார்த்துத்தான் ஓட்டுவாங்க.

சூப்பர்வைசரக் கேட்டு வேஸ்ட் லைனிங் துணி வாங்கினேன். கழுத்துல மாட்டிக்கிற மாதிரி ஒரு பட்டை தெச்சேன், கீழ ஒரு பை. பட்டையில அஞ்சு அட்டை. ஒரு சாக்ஸ், இன்னொரு சாக்ஸ், ஒரு ஷூ, இன்னொரு ஷூ, அஞ்சாவதுல கிரவுண்டுல நிக்கிற ஒரு பொண்ணு படம். ஒண்ணு முடிஞ்சா அந்த அட்டைய எடுத்து பையில போட்டுடணும். ஷூவுல முடிச்ச வெட்டி, பசையத் தேய்ச்சு எடுத்தேன். சாக்ஸ தையல் வெளிய தெரியற மாதிரி திருப்பி வெச்சேன்.

அவளுக்கு இது கஷ்டமா இல்ல, எனக்குத்தான். "கை வைக்காதீங்கக்கா. அவ நின்னா நீங்களும் நில்லுங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்துச்சு. டார்கெட்டுக்கு ஓடியே பழகின கை, சும்மா இருக்குமா? ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அழுத்திக்கினு உக்காந்தேன். மொத நாள் இருபத்தஞ்சு நிமிஷம். மூணாவது வாரம் பதினொரு நிமிஷம், தனியா, ஒரு சொட்டு அழுகை இல்லாம. ஊரக் கூப்பிட்டுச் சொல்லணும் போல இருந்துச்சு.

ஓடினேன் ஸ்கூலுக்கு. பட்டையக் காட்டி, "பெல்லுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி இவள ஆரம்பிக்க விடுங்க, யாரும் கை வைக்காதீங்க, அது போதும்"னு கேட்டேன். கிளாஸ் மிஸ் தரையப் பார்த்துச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் பட்டைய ரெண்டு விரலால தூக்கிப் பார்த்தாங்க.

"படத்தப் பார்த்து ஷூ போடறதா? இது இன்னா எல்கேஜியா? ஒருத்திக்குன்னு தனி ரூல் போட்டா மத்த பேரண்ட்ஸ் கேக்க மாட்டாங்களா?" பட்டை அவங்க டிராயருக்குள்ள போய்டுச்சு.

அவங்க தலைக்குப் பின்னால செவுத்துல டைம்டேபிள் ஒட்டிருக்கு. மூக்கு மேல கண்ணாடி. இதெல்லாம் இல்லாம அவங்களால ஒரு நாள் ஓட்ட முடியுமா? அவங்களுக்கு வேணுங்கறது இருந்தா ஒழுங்கு, எம் பொண்ணுக்கு வேணுங்கறதக் கேட்டா தனி ரூல். அப்ப இது வாயில வரல. வாய் வராத பேஜார்ல வீட்டுக்கு வந்து பாத்திரத்த எல்லாம் போட்டு ஒடைச்சேன்.

மாசம் முடிஞ்ச அன்னிக்கு வேலைக்குப் போகல. அவளோடவே ஸ்கூலுக்குப் போனேன். நேரா ரூமுக்குள்ள போய், "எம் பொருள குடுங்க"ன்னு டிராயரத் தொறக்க வெச்சு பட்டைய வாங்கினேன். அவ ஷூவக் கழட்டி வெச்சிட்டு வராண்டாவுல உக்காந்திருந்தா, அவ கழுத்துல மாட்டி விட்டேன். அதே நேரம் பெல் அடிச்சுது. "டிசி ரெடியா இருக்கு, உள்ள வாம்மா"ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டாங்க. பிரேயருக்குக் கூட போகாம அவங்க பேப்பரோட உக்காந்திருந்தாங்க. சட்டப்படி அனுப்ப முடியாதுன்னேன், கையெழுத்து போட மாட்டேன்னேன், டைம்டேபிளையும் கண்ணாடியையும் கூட சொல்லிட்டேன். கத்தினேன். நான் கத்தி முடிக்கறதுக்குள்ள வெளிய பிரேயர் முடிஞ்சு, புள்ளைங்க தடதடன்னு கிளாஸுக்கு ஓடற சத்தம் கேட்டுச்சு.

வெளிய வந்தேன். வராண்டாவுல அவ இல்ல. கிளாஸுல எட்டிப் பார்த்தேன், இல்ல. எல்லா ஷூவும் வரிசையா இருக்கு, அவ ஷூ மட்டும் இல்ல. ஸ்கூல் கேட்டு தொறந்து கெடக்கு, அந்தாண்ட பைபாஸ் ரோடு. கேட்டப் பார்த்து ஓடினவ, வழியில கிரவுண்டு பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அங்க நின்னுக்கினு இருந்தா.

காலி கிரவுண்டு. ஒண்ணாங்கிளாஸுக்குப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுல, அவ எடத்துல, தனியா. ரெண்டு சாக்ஸ், ரெண்டு ஷூ. பையில நாலு அட்டை. அஞ்சாவது கையில. முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல, நேரா கொடிக்கம்பத்தப் பார்த்துக்கினு நிக்கிறா.

எனக்குப் பின்னாலயே வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அவ காலப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "ஷூ கால் மாறி இருக்கே."

ஆமா, மாறித்தான் இருந்துச்சு. நான் குனிஞ்சேன், கை தானா போச்சு. பாதியில நிறுத்திக்கினேன்.

"மாறினா மாறட்டும் மேடம். நீங்க கேட்டது தானா போட்டுக்கினு வந்து நிக்கணும்னு. வந்து நிக்கிறா. நிக்காம போனது நீங்க எல்லாரும்தான்."

கிளாஸ் மிஸ் வராண்டாவுல இருந்து எறங்கி வந்து மெதுவா, "நாளையில இருந்து பெல்லுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே இவள ஆரம்பிக்கச் சொல்றேன் மேடம்"னுச்சு. ஹெட்மிஸ்ட்ரஸ் கையில இருந்த டிசிய ரெண்டா மடிச்சிக்கினு ரூமுக்குப் போய்ட்டாங்க. நான் கேட்டது இந்தப் பத்து நிமிஷம்தான். தேங்க்ஸ் சொல்ல எனக்கு வாய் வரல, சொல்லவும் இல்ல.

எம் பொண்ணு அஞ்சாவது அட்டையப் பையில போட்டா. "முடிஞ்சுது"ன்னா. திரும்பி நடந்து போய் வராண்டாவுல உக்காந்து, அவ்வளவு பாடுபட்டுப் போட்ட ஷூவ நிதானமா கழட்ட ஆரம்பிச்சா. கிளாஸே காத்துக்கினு இருந்துச்சு. மிஸ்ஸோட கை ஒரு தடவ நீண்டுச்சு. என் மூஞ்சியப் பார்த்துட்டு மிஸ் கையப் பின்னால கட்டிக்கிச்சு.