உப்புத்தாளும் முக்காடும்

புன்னைக்காயலில் அந்த வீட்டின் பின்வாசலைத் திறந்தால் ஆறு கடலில் சேர்கிற இடம் தெரியும். வாசலுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தளம். கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அண்ணாச்சி, உடைத்த தோணி ஒன்றின் பலகைகளை வாங்கிப் போட்டது. அவர் அதை 'டெக்' என்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், 'உடஞ்ச தோணி' என்பார். நான் இரண்டும் சொல்லாமல் 'அது' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பாலீஷ் வேலை. மரத்தைத் தேய்த்து எண்ணெய் கொடுப்பேன். ஆட்களோடு பேசுவதுதான் வராது.

நான் போன அன்று வீட்டில் சண்டை. அண்ணாச்சிக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முந்தின வருஷம் வெறுங்காலோடு அந்தத் தளத்தில் நடந்தபோது சிராய் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தார். அதற்குள் சீழ் வைத்து, சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"இதப் பேத்து எடுக்க டைல்ஸ்காரனுக்குச் சொல்லியாச்சு. அடுத்த மாசம் வாரான்," என்றார் அக்கா.

"டைல்ஸ்ல நிக்கதுக்கு நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல போய் நிப்பேன்ளா."

"அங்கதான இத்தன நாளு கெடந்தீங்க. ஆசை தீரலையோ?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "வே, நீரு சொல்லும். தேச்சா சரியாகும்லா?"

நான் பலகையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"வாயில என்ன, வெத்தலையா?" என்றார் அக்கா. குனிந்து ஒரு பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "சரி, தேய்ங்க தம்பி. முடிச்சதும் நான் கோயிலுக்குப் போடுத முக்காட இது மேல விரிச்சு இழுப்பேன். ஒரு நூலு மாட்டிச்சுன்னாலும் அம்புட்டுப் பலகையும் அடுப்புக்கு."

மாதா கோயில் பூசைக்குப் போகும்போது தலையில் போடுகிற வெள்ளை வலைத்துணி அது. நகம் பட்டாலே நூல் வந்துவிடும்.

முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். காயக் காயப் பலகைக்குள்ளிருந்து உப்பு வெள்ளையாக வெளியே வந்தது. மறுபடியும் கழுவினேன். மரம் தேய்க்கிற தாளுக்கு எங்கள் பக்கம் உப்புத்தாள் என்று பேர். சின்ன வயதில், அதை உப்பளத்தில்தான் செய்வார்கள் என்று நம்பி நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ருசியும் இல்லை. இந்தப் பலகைகளைத் தேய்க்கும்போதுதான் உதட்டில் படிந்த தூள் கரித்தது.

ஆணித் தலைகளை மரத்துக்குள் இறக்கிவிட்டு, தேய்க்கிற மெஷினைப் போட்டேன். மெஷின் ஓடும்போது எனக்கு ஒரு மயக்கம் மாதிரி வரும், தூக்கம் இல்லை. சாம்பல் நிறம் கலைந்து, அடியிலிருந்து தேன் நிறம் வரும். ஆற்றின் வெளிச்சம் அதன்மேல் ஆடும். நான் முட்டிபோட்டு முன்னால் போகிறேனா, பலகைகள் எனக்கு அடியில் பின்னால் போகின்றனவா என்று தெரியாது. முகத்துவாரத்தில் ஒரு வள்ளம் போகும். அது நிற்பதாகவும் நாங்கள்தான் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதாகவும் தோன்றும். கொழும்புக்கோ மாலத்தீவுக்கோ, இந்தப் பலகைகளுக்கு வழி தெரியும். மெஷினை நிறுத்தினால் கடல் சத்தம் உடனே வராது. கொஞ்சம் பொறுத்து, தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவதுபோல வரும். அதற்குப் பின்னால் கோயில் மணி. பிறகு அக்கா மீன் கழுவுகிற சத்தம்.

அண்ணாச்சி செருப்புக் காலோடு படியில் உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது.

கடைசியில் நைசுத்தாளைக் கையால் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. எங்காவது குத்தினால் அங்கே மறுபடியும் தாள். எல்லாம் முடிந்ததும் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்துக் காயவிட்டேன். வார்னிஷ் அடித்தால் கடற்காற்றில் தோல் தோலாக உரிந்துவிடும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்த ஒரு சாயங்காலம் அக்கா முக்காட்டோடு வந்தார். குனிந்து, அதை விரித்து, பலகை பலகையாக இழுத்துக்கொண்டே போனார். அண்ணாச்சி கடலைப் பார்ப்பதுபோல் இருந்தார். நான் சுவரோரம் நின்றேன். முக்காடு இடுக்குகளில் கொஞ்சம் தயங்கும், பிறகு ஏறிப் போய்விடும். கடைசிப் பலகையும் முடிந்தது. அக்கா நம்பாமல் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தார். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது முக்காடு அவர் கையிலிருந்து நழுவியது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி இழுத்தார், துணி வரவில்லை. என் உள்ளங்கைக் காய்ப்பில் நூல் மாட்டியிருந்தது.

"நூலு மாட்டிருச்சு," என்றார் அக்கா.

"பலகையிலயா?" அண்ணாச்சி திரும்பவே இல்லை.

"இல்ல. இந்தத் தம்பியத்தான் அடுப்புல வைக்கணும்."

அவரே சிரித்துக்கொண்டு நூலை மெதுவாக விடுவித்தார். உள்ளே போய், டைல்ஸ்காரனிடம் வரவேண்டாம் என்று போனில் சொல்வது கேட்டது. திரும்பி வந்து, "வெயிலு தாழ்ந்த பெறகுதான் செருப்பக் கழத்தணும். தெனமும் பாதத்த என்கிட்ட காட்டிட்டுத்தான் படுக்கணும்," என்றார்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். மெதுவாக நடுவில் வந்து நின்று, குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"வே, நீரும் கழத்திட்டு வாரும்."

போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. பஞ்சு மேல நிக்க மாதிரி இருக்கு. எப்படி இருக்குன்னு நீரு சொல்லும்."

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

"நல்லாத்தான் இருக்கும். கால்ல என்ன தெரியுதுன்னு சொல்லும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தப் பலகைல இன்னும் சூடு கெடக்கு. மேல இல்ல, உள்ள இருந்து வருது."

"ம்."

"இங்கன ஆணி எறக்குன எடம். சின்னக் குழி. பெருவிரலு அதுல போய் உக்காருது."

அவர் காலை நகர்த்தினார். "இதுவா?"

"கொஞ்சம் இடது பக்கம். ம், அங்கனதான்."

"அடுத்தது?"

"அடுத்த பலகை குளுந்து கெடக்கு. வீட்டு நெழலு முன்னாலயே விழுந்திருக்கும் போல."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அடுத்த பலகைக்குப் போனோம்.