பிலோமினா ரீச்சர் நட்ட சிலுவை

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ காலையில் மரண அறிவித்தலோடு தோட்டவெளி வீதியால் போனது. "ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை பிலோமினா" என்று அறிவித்தது. 'ஓய்வுபெற்ற' என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தின வாரம்கூட வாசிகசாலை வளவில் குடையை ஊன்றி நின்று எங்களோடு சண்டை பிடித்தவர் அவர்.

ஒருமுறை வீதியில் ஊர்ந்த பச்சோந்தியை நாலு பேர் தடியோடு சூழ்ந்தார்கள். அதன் எச்சில் பட்டாலே சாவு என்றார்கள். ரீச்சர் குனிந்து அதைத் தன் வெள்ளைச் சேலையில் ஏற்றினார். "நாப்பது வருசமாத் தூக்கிறன். செத்தவள் மாதிரியோ இருக்கிறன்?" வெள்ளையாக மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம், அது கறுத்தது. "கோபம் வந்திட்டுது. நிறம் ஒளிக்கிறதுக்கு மட்டுமில்லை, பேசுறதுக்கும்தான்" என்றார்.

அந்த இனம் மரத்திலேயே வாழ்ந்தாலும், முட்டையிட நிலத்துக்கு இறங்கும். மண்ணைத் தோண்டி, இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளிவர மாதக்கணக்காகும். இந்த வருடம் வாசிகசாலை வளவின் உடைமுள் மரத்தடியில் ஒன்று முட்டையிட்டதை ரீச்சர் கண்டார். யாரும் மிதிக்காமலிருக்க இரண்டு குச்சிகளைச் சிலுவையாகக் கட்டி நட்டார். ஏதோ குழந்தையின் கல்லறை என்று பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விலகிப் போனார்கள். பங்குத்தந்தை விசாரிக்க வந்தார். "ஃபாதர், செத்ததுக்கு மட்டுந்தான் சிலுவை வைக்கவேணுமோ? உள்ளுக்கை உயிர் கிடக்கு." அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

வாசிகசாலை நிர்வாகசபை அந்த வளவை வாகனத் தரிப்பிடமாக மட்டப்படுத்தத் தீர்மானித்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்கும்படி ரீச்சர் கேட்டார். அவர் பக்கமே நியாயம் என்று தெரிந்தும், செயலாளரான நான் தீர்மானத்தை மறுபேச்சின்றி எழுதினேன். "எங்கட செயலாளர் பச்சோந்திதானே, எந்த நிறத்துக்கும் மாறுவார்" என்று ஒருவர் கேலி செய்தார்.

"அவரைப் பச்சோந்தி எண்டு சொல்லாதேங்கோ. அதுக்குக் கோபம் வந்தால் காட்டும்" என்றார் ரீச்சர்.

நான் கூட்டக் குறிப்பேட்டை மூடினேன். அதுவே அவர் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது.

அடக்கம் முடிந்த மறுநாள் வளவை மட்டப்படுத்த உழவு இயந்திரம் வந்தது. நான் சிலுவைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, விலகுங்கோ. பிள்ளை புதைச்ச இடமோ?" என்று சாரதி கேட்டான்.

"இல்லைத் தம்பி. பிள்ளையள் வரப்போற இடம்."

அவன் திருப்பிக்கொண்டு போனான். திரும்பவும் வருவார்கள், என் பதவியையும் பறிப்பார்கள் என்று கேள்வி. பறிக்கட்டும்.

ரீச்சரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு குச்சிகள்தாம். இற்றுப்போன கயிற்றை மாற்றிக் கட்டியிருக்கிறேன். கூட்டக் குறிப்பேட்டில், அந்தத் தீர்மானத்துக்குக் கீழே, என் பெயரோடு எழுதியும் வைத்திருக்கிறேன்: செயலாளர் உடன்படவில்லை.