கோழிக்கூட்டில் பட்டாளத்தார்

முனியாயி டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் சரிப்படாமல் போன பிறகு, பகல் வேலைக்கு என்னை வைத்தார்கள். திருமங்கலத்தில் மாடி வீடு, லிப்ட் கிடையாது. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப் போனார்களாம். கீழே இறக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது என் வேலை.

டீச்சர் திருவாதவூர்க்காரர். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கிய பெண் அவர். அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத வாய். அப்படி இருந்தால்தான் ஸ்டாஃப் ரூமில் மதிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணவர் இல்லை. மகன் சித்தார்த் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மருமகள் சத்யப்ரியா வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்.

ஒரு நாள் கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸை இழுக்கச் சொன்னார். சேலைகளுக்கு அடியில் நான்கு பழைய ஆங்கிலப் புத்தகங்கள். அட்டைகளில் அரைகுறை உடுப்போடு பெண்களின் படம். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

“என்ன டீச்சர் இது, கருமம்!”

“பிரிட்டிஷ்காரன் எழுதுன கேலிக் கதைக. சின்ன வயசுல பழைய புத்தகக் கடையில வாங்குனது. கிராமர் புக்குன்னு அட்டை போட்டு வச்சுப் படிப்பேன். வயிறு வலிக்கச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு இப்பவும் வருதான்னு பாக்கணும். வேற என்ன சோலி எனக்கு?”

அவருக்குக் கை நடுக்கம். புத்தகத்தை நான் பிடித்துக்கொள்வேன். அவர் கொஞ்சம் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்வார்.

முதல் புத்தகத்தில் விடுதி முதலாளி ஒருவன் வேலைக்காரப் பெண்ணை மாடிப்படியில் மறித்து மறித்துக் கிள்ளினான். பாதியில் டீச்சர் நிறுத்திவிட்டார்.

“இங்கிலீஷ்ல படிக்கிறப்ப இதுக்குச் சிரிச்சேன் முத்துத்தாயி. தமிழ்ல சொல்ல நாக்கு வரல. அந்தப் பிள்ளை எங்க தெருப் பிள்ளை மாதிரியே ஆயிருது.”

“அப்ப இது?”

“தேறாது. வை.”

இரண்டாவதில் இந்தியச் சமையல்காரனை வைத்துக் கேலி. அதுவும் தேறவில்லை. “நம்மளப் பாத்துத்தான் சிரிக்கிறான். நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன் பாரு,” என்றார்.

மூன்றாவது எடுபட்டது. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் போதிக்கிற கர்னல் ஒருவர், அடுத்தவன் மனைவியைப் பார்க்கப் போன இடத்தில் கணவன் வந்துவிட, துணியில்லாமல் கோழிக்கூட்டுக்குள் ஒளிகிறார்.

“கர்னல்னா யாரு டீச்சர்?”

“பட்டாளத்துல பெரியாளு. பட்டாளத்தார்னு வச்சுக்க. பட்டாளத்தாரு அம்மணக்குண்டியாக் குத்தவச்சிருக்காரு. மீசை மட்டும் முறுக்குனபடி இருக்கு. இதென்னடா புதுசாத் தொங்குதேன்னு கோழி பாக்குது.”

“அய்யய்யோ!”

“கொத்திருச்சு. கத்த முடியுமா? புருசங்காரன் வெளியில நிக்கான். இவரும் கோழியாட்டமே கொக்கொக்குங்கிறாரு.”

சிரித்த சிரிப்பில், மாற்றிக்கொண்டிருந்த மூத்திரப்பை என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எங்காத்தா நாத்து நடுறப்ப பேசுற பேச்சுல இது காவாசி வராது. அந்த வயக்காட்டுச் சிரிப்ப, நான் படிச்சு வேலைக்கு வந்தப்புறம் வாயில எடுக்க முடியல. இங்கிலீஷ்ல இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?”

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மருது, ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். கொல்லையில் கோழி வளர்க்கிறார். சிரிக்கும்போது எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. கதவுக்கு வெளியே நின்றிருந்த சத்யப்ரியாவுக்கு, அவரைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தோன்றிவிட்டது.

அன்று மாலை சித்தார்த் அறை வாசலில் நின்று என்னை அழைத்தான்.

“அம்மா எம்புட்டு நாளா இப்படிப் பேசுறாங்க? வயசானா மூளை சுருங்கும். வாயில அசிங்கமா வரும். எனக்குத் தெரியும். ஹவுஸ் ஓனர் காதுல விழுந்தா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு.”

தெரிந்த ஒரு மருத்துவரிடம் போனிலேயே கேட்டு மாத்திரை வாங்கி வந்திருந்தான். அது புத்தகத்தில் இருக்கும் கதைதான் என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் இருந்து டீச்சர் தலையை ஆட்டித் தடுத்தார்.

அவன் போன பிறகு கேட்டேன். “சொன்னா என்ன டீச்சர்?”

“ஊருக்குள்ள அவன் எங்கம்மா இங்கிலீஷ் டீச்சருன்னு சொல்லித்தான் தல நிமிந்து நடக்கான். அதக் கெடுக்கவா?”

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. டீச்சர் நாளெல்லாம் தூங்கினார். ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்தது. விழித்திருக்கும்போது புத்தகத்தைக் காட்டினால், படித்த வரியையே திரும்பப் படித்தார். கோழிக்கூட்டுக்குள் இருப்பது யார் என்று என்னையே கேட்டார்.

சித்தார்த்திடம் சொன்னேன்: “இப்படியே கஞ்சி ஊத்துனா ஒரு நாளு புரை ஏறிப் போய்ச் சேந்துருவாங்க. டாக்டர நேர்ல வரச் சொல்லுங்க. இல்லைன்னா வேற ஆளப் பாருங்க.”

மாத்திரையைச் சில நாள் நிறுத்திவைத்து, பாண்டியராஜன் என்ற மருத்துவரைக் கூட்டி வந்தான். அவர் கிழமை கேட்டார், கணக்குக் கேட்டார், மூன்று பொருளைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். டீச்சர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்.

“அந்தப் பேச்சு இருக்கே டாக்டர்...” என்று சித்தார்த் இழுத்தான். “மாத்திரைய விட்டா மறுபடி ஆரம்பிச்சிருவாங்க.”

டீச்சர் மகனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முத்துத்தாயி, அந்த மூணாவது புத்தகத்த எடு.”

நான் பிடித்தேன். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு, ஒரு சொல்லும் விடாமல், தமிழில் சொன்னார். கோழி கொத்திய இடம் வந்தபோது மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத் தெளிவா இருக்காங்க. மாத்திரை வேணாம்.”

அவர் படியிறங்கும் வரை சித்தார்த் காத்திருந்தான்.

“இதுக்கு மூளை கொழம்பிப் போயிருந்தாலே தேவலாம்மா. வியாதின்னு சொல்லிக்கிருவேன்.”

சத்யப்ரியா நான்கு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனார். இனிமேல் இந்த அறைக் கதவைச் சாத்தக் கூடாது என்று என்னிடம் சொன்னார்.

மாத்திரை நின்றதால் டீச்சருக்கு இப்போது பகலில் தூக்கம் இல்லை. முழு விழிப்போடு ஜன்னலுக்கு வெளியே அந்தச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். நேற்றுத் துடைத்துவிடும்போது சொன்னார்.

“நாலாவது தேறுமா தேறாதான்னு தெரியாமலே போச்சே முத்துத்தாயி.”

“ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க டீச்சர். கேக்குறேன்.”

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, “ஒரு ஊர்ல ஒரு விதவை. அவ வீட்டுக்கு ஒருத்தன்...” என்று ஆரம்பித்தார். கூடத்தில் சத்யப்ரியாவின் நாற்காலி நகர்ந்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

“ஜன்னல் பக்கம் திருப்பி விடு,” என்றார்.

திருப்பிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தேன்.