நம்பர் பலகையில் வைத்த சந்தனம்

மகள் ஒரு பழைய கார் வாங்கி வந்தாள். காருக்கு நெற்றி எது என்று நான்தான் முடிவு செய்தேன். முன்மூடியில் பொட்டு வைத்தால் பனி விழுந்து வழிந்து போய்விடும். அதற்குக் கீழே நம்பர் பலகை வெள்ளையாக, தட்டையாக, பூசுவதற்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. கோயிலில் தந்த சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அதில் அகலமாக அப்பினேன். நடுவில் குங்குமம். பின்பக்கத்துப் பலகையையும் விடவில்லை. கண்ணூறு பின்னாலிருந்துதான் வரும்.

மகள் குனிந்து பார்த்தாள். முன்பலகையின் ஓரத்தில் பெருவிரலை வைத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

"நம்பர் தெரியேல்லை அம்மா."

அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினேன். "வைச்ச பொட்டை வைச்ச உடனை அழிக்கிறதோ? கை வையாதை."

"பொலிஸ் மறிப்பான்."

"மறிச்சா என்னட்டை வரச்சொல்லு."

மறுநாள் காலையே மறித்தான். குளிருக்குச் சந்தனம் கல்லாக இறுகிப் போயிருந்தது. ஒஸ்லோவுக்குள் வரும் கார்களுக்குக் காசு அறவிட, வீதியில் கமரா வைத்து நம்பரைப் படம் எடுக்கிறார்கள். அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பொலிஸ் நின்றது. கமராவுக்குத் தப்ப முன்னும் பின்னும் நம்பரை மறைத்து ஓடுகிறாய் என்றார்கள். இவள் கோயில், பூசை என்றெல்லாம் சொல்லியிருக்கிறாள். பொலிஸ்காரர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு தண்டம் எழுதிய கடிதம் வந்தது. வேண்டுமென்றே மறைத்த குற்றம் என்று அதில் இருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள். ஒப்புக்கொண்டு கட்டலாம். இல்லையென்றால் நீதிமன்றம்.

தண்டத்தைக் கட்டுவது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. காரியம் வேறு. என் மகள் பள்ளிக்கூடங்களில் தரை துடைத்து முதுகு போனவள். நாற்பது வயதுக்கு மேல் பஸ் ஓட்டப் படித்து, முதல் சோதனையில் தவறி, இரண்டாவதில் தேறினாள். ஒரு பஸ் கொம்பனி அவளை எடுக்கச் சம்மதித்திருந்தது. பொலிஸ் தரும் நற்சான்றுதான் பாக்கி. ஏமாற்றத்தான் நம்பரை மறைத்தேன் என்று அவளே ஒப்புக்கொண்டால், அவளிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

நாங்கள் இருக்கும் ரொம்சோஸ் பகுதியில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக் கீழ்வீட்டுக்காரர் முன்பு டாக்சி ஓடியவர். கடிதத்தை அவரிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"அக்கா, கட்டிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. நான் கட்டின தண்டத்துக்கு இவங்கள் ஒரு றோட்டுக்கு என்ர பேர் வைச்சிருக்கவேணும்."

"நீங்கள் ஓடின ஓட்டத்துக்குக் கட்டினியள். என்ர பிள்ளை என்ன செய்தவள்?"

"செய்தது நீங்கள். கட்டுறது அவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எழும்பி, "கட்டமாட்டம்" என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை என்ற இடத்தில்தான் கையெழுத்துப் போட்டாள். என் சொல்லுக்காகப் போட்டாளா, தன் நியாயத்துக்காகப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அமைதி போயிற்று. நீதிமன்றம் வழக்குப் பட்டியலைக் கணினியில் போடுகிறது. மகள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் அதைத்தான் தேடுவாள். பஸ் கொம்பனி இரண்டு முறை தொலைபேசி எடுத்தது. இரண்டு முறையும் இவள், "இன்னும் வரேல்லை" என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருக்க, குசினி வாசலில் நின்று கைபேசியை நீட்டினாள்.

"இஞ்சை கிடக்குது. எங்கடை வழக்கு. உங்களையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கு."

எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. நாளையும் அறை இலக்கத்தையும் மாத்திரம் பார்த்தேன். இலக்கம் எந்த நாட்டிலும் இலக்கம்தான்.

வழக்கு நாள் காலை நிலக்கீழ் ரயிலில் பக்கத்தில் இருந்துகொண்டு மகள் மெல்லச் சொன்னாள்.

"நான் கவனிக்கேல்லை எண்டுதான் சொல்லப்போறன். இருட்டோடை வெளிக்கிட்டனான், காணேல்லை. உங்களைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுங்கோ."

"கண்டனீதானே?"

"அம்மா! கண்டனான் எண்டு சொன்னா, தெரிஞ்சுதான் ஓடினவள் எண்டு ஆகும். என்ர வேலை போகும். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. இறங்க இன்னும் எத்தனை ஸ்டேசன் என்று எண்ணத் தொடங்கினேன்.

சாட்சி முதலே உள்ளே போகக் கூடாதாம். மகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். சுத்தமான, சத்தமில்லாத இடம். பயப்படும்படி அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மொழிபெயர்க்க வந்த பெண்மணி தமிழ்நாட்டுக்காரி, காதோரம் நரைத்தவர். முதலில் என்னிடம் வெளியே வந்தார்.

"பயப்படாதீங்க பாட்டி. நீங்க மெதுவா பேசினாப் போதும், உங்க தமிழ் எனக்கு நல்லாவே புரியும்."

"நான் பயப்பிடேல்லை. எனக்கும் உங்களுக்கும் பத்து வயசு வித்தியாசம் வருமோ தெரியாது. அம்மா எண்டு சொல்லுங்கோ, காணும்."

அவர் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

என்னைக் கூப்பிட்டபோது எழும்பி, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு போனேன். நீதிபதி ஒரு பெண். முதலில் அவர் சொன்னது நான் எதிர்பார்த்ததல்ல. மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "நீங்க இவங்களோட அம்மா. அதனால சாட்சி சொல்லணும்னு கட்டாயம் இல்ல. வேண்டாம்னா இப்பவே போகலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். போங்கோ என்றது அந்தப் பார்வை. கதவு எனக்குப் பின்னால் ஒரு எட்டில் இருந்தது.

"சொல்லத்தான் வந்தனான்" என்றேன்.

உண்மை சொல்வதாக நின்றபடி உறுதி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பிறகு பொலிஸ் பக்கத்து வக்கீல் சுவரில் இருந்த திரையில் படத்தைப் போட்டார். என் சந்தனம் ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அவ்வளவு தடிப்பாகவா அப்பினேன் என்று எனக்கே இருந்தது. இதைக் காணவில்லை என்று சொன்னால் குருடனும் நம்பமாட்டான்.

வக்கீல் ஒரு குச்சியால் ஓரத்தைக் காட்டினார். அங்கே சந்தனம் இழுபட்டு, ஒரு விரல் அகலத்துக்கு எழுத்து வெளியே தெரிந்தது.

"இதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். காரை எடுக்க முதலே உங்கள் மகள் இதைக் கண்டிருக்கிறார், அப்படித்தானே?"

இல்லை என்று ஒரு சொல். கீழ்வீட்டுக்காரர் என்றால் கண் வெட்டாமல் சொல்லியிருப்பார். மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், கண்டவள்" என்றேன்.

மகள் கண்ணை மூடினாள்.

"அது அவவின்ரை பெருவிரல். நம்பர் தெரியேல்லை எண்டு துடைக்க வெளிக்கிட்டவ. நான்தான் கையிலை அடிச்சு மறிச்சனான். ஒளிக்க நினைச்சவள் ஏன் துடைக்கப்போறாள்?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை நான் நீதிபதியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வக்கீல் விடவில்லை.

"உங்கள் மகளுக்கு நாற்பது வயதுக்கு மேல். நீங்கள் அடித்தால் அவர் கேட்பாரா?"

"இண்டைவரைக்கும் கேட்டவள். இனிக் கேட்பாளோ தெரியாது."

நீதிபதியின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வேறு எதுவோ. எதற்காக நம்பரின் மேல் வைத்தீர்கள் என்று அவரே கேட்டார். நெற்றி, பனி, கண்ணூறு எல்லாம் விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பை யோசிக்க எழும்பிப் போனார். நாங்கள் இருவரும் வெளியே அந்த மர வாங்கில் இருந்தோம்.

அந்த நேரம் முழுவதும் மகள் என் பக்கம் திரும்பவில்லை. நான் பொய் சொல்லாதவள் என்ற பெருமை எனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெருமைக்கு அவள் வேலையை விலையாகக் கொடுத்துவிட்டேனோ என்று அந்த வாங்கில் இருந்துதான் முதன்முதலாக நினைத்தேன்.

நீதிபதி வந்து வாசித்தார். நம்பர் தெரியாத காரை வீதிக்குக் கொண்டுவந்தது தவறு, அதற்குத் தண்டம் உண்டு. காணவில்லை என்று மகள் சொன்னதை ஏற்க முடியாது. ஆனால் மறைத்து ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. துடைக்கத் தொடங்கிய அடையாளமும் தாயின் வாக்கும் அதைக் காட்டுகின்றன. தண்டமும் குறைந்தது.

வெளியே வந்து ஸ்டேசன் வாங்கில் இருந்து மகள் கைபேசியிலேயே காசைக் கட்டினாள்.

"நான் தாறன்" என்றேன்.

"வேண்டாம். நீங்கள் இண்டைக்குத் தந்தது காணும்." ஒரு ரயிலைப் போகவிட்டாள். "ஒருவேளை அந்த நீதிபதியம்மா வேறை மாதிரி யோசிச்சிருந்தா? ஊர்ச்சனத்துக்கு முன்னாலை கையிலை அடிச்சனான் எண்டு வேறை சொல்லுறியள்."

"அங்கை எங்கடை சனம் எண்டு மொழிபெயர்த்தவ ஒருத்தி தானே இருந்தவ."

"அவவே போதும்."

தீர்ப்புக் கடிதத்தை அவளே பஸ் கொம்பனிக்குக் கொண்டுபோனாள். அவர்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை, ஆனால் அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பின்னேரம் கதவைத் திறந்து, சப்பாத்தோடு நின்றபடியே சொன்னாள்.

"நற்சான்று வந்திட்டுது. வேலையும் தந்திட்டாங்கள். திங்கள் துடக்கம்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனேன். அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

"உங்களோடை எனக்கு இன்னும் கோபம்தான். சொல்லிப்போட்டன்."

"கோபம் இருக்கட்டும்" என்றேன். "சோறு ஆறுது, வந்து கோபத்தோடையே சாப்பிடு."