பத்து எண்ணுவதற்குள்

எதிரில் இருப்பவர் பேச்சையே தொடங்கவில்லை என்றால், எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தலாம்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரியாமலேயே ஒருமுறை ‘பத்து நொடி’ என்று எழுதிவைத்தேன். அதனால் வந்த வினைதான் இது.

மொரப்பூரில் வீட்டிலிருந்தபடியே, சேலத்துச் சிறு நிறுவனம் ஒன்றுக்காக, இணையதளங்களை இயக்கும் கணினிகளான வெப் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு இரண்டரை வயது. எந்தக் கட்டளையையும் மூன்று முறை படித்த பிறகுதான் என்டர் தட்டுவேன். தட்டிவிட்டு நான்காம் முறை படிப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வரும் ரகம் நான்.

சிறுதானியம் வாங்கும் ஒரு கம்பெனியின் இணையதளமும் என் பொறுப்பில் இருந்தது. சித்தேரி மலையில் சாமை விளைவிப்பவர்கள் அதில் தங்கள் பெயரைப் பதிய வேண்டும். வெள்ளி மாலைக்குள் பதிந்துவிட்டால் சனிக்கிழமை லாரி மேலே வரும். இல்லாவிட்டால் மூட்டைகளை அவர்களே அரூர் வரை இறக்கியாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மலை மகளிர் குழுவின் தலைவி போன் செய்தார்.

“கண்ணு, உங்க பக்கம் சுத்திக்கிட்டே இருக்குது. அப்புறம் படக்குனு மூடிக்குது. ஒருத்தர் பேரும் ஏறல.”

என் லேப்டாப்பில் கண் இமைப்பதற்குள் திறந்தது. “இங்க நல்லா வருதுங்களே அக்கா.”

“அப்ப நாங்க இருவது பேரும் மூட்டையத் தூக்கிக்கிட்டு உங்க வூட்டுக்கே வந்துடறோம்.”

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்த்தேன். சர்வரின் பதிவேட்டிலோ, மலையிலிருந்து யாரும் வந்ததற்கான ஒரு வரிகூட இல்லை. பிழை என்று ஒரு வரி இருந்தாலாவது பிடித்துக்கொண்டு போகலாம். ஒன்றுமே இல்லாததுதான் எனக்குப் பயம். சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். தொடங்கியது தப்போ என்று அதற்கும் வருந்தினேன். அதற்குள் மதியமாகிவிட்டது.

மகளுக்குக் களி ஊட்டிக்கொண்டே தலைவிக்குப் போன் செய்தேன். “அக்கா, போன் பழசுங்களா?”

“போன் புதுசுதான். சிக்னல்தான் பழசு.” பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறதாம். அங்கேதான் சிக்னல். பட்டனை அழுத்தி, போனைப் பாறைமேல் வைத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். பக்கம் வருகிறபோது வரும். “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல கண்ணு. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் அவசரம்.”

“இன்னொரு போன்ல அழுத்திட்டு, மூடற வரைக்கும் எண்ணுங்க அக்கா.”

ஸ்பீக்கரில் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்தில் மூடிக்கொண்டது. மறுபடியும் பத்து. மூன்றாம் முறை என் மகளும் சேர்ந்துகொண்டு, களி தெறிக்க “பத்து!” என்று கத்தினாள்.

சிக்னல் கெட்டு அறுபடுவது இப்படி நேரம் தவறாமல் நடக்காது. ஒருமுறை மூன்றில் போகும், ஒருமுறை முப்பதில் போகும். ஒழுங்காகப் பத்தில் மூடுகிறதென்றால், யாரோ உட்கார்ந்து பத்து என்று எழுதியிருக்க வேண்டும்.

அந்த யாரோ நான்தான்.

பாதுகாப்பான இணைப்பில், பேச்சு தொடங்குமுன் போனும் சர்வரும் அடையாளம் பார்த்து, ரகசியச் சாவி ஒன்றை முடிவு செய்துகொள்ளும். ஹேண்ட்ஷேக் என்போம். சில வாரங்களுக்கு முன், எங்கிருந்தோ வந்த இணைப்புகள் அதைக்கூடச் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டு சர்வரை முடக்கிவிட்டன. பயந்துபோய், பத்து நொடியில் ஹேண்ட்ஷேக் முடியாவிட்டால் மூடிவிடு என்று எழுதினேன். மூன்று முறை படித்துத்தான் எழுதினேன். சோதித்துப் பார்த்தது மட்டும் என் வீட்டின் வேகமான பிராட்பேண்டில். ஹேண்ட்ஷேக் முடியாதவர்கள் உள்ளேயே வரவில்லை; அதனால்தான் பதிவேட்டிலும் தடமில்லை.

பத்தை அறுபதாக்கினேன். அழுத்தச் சொன்னேன். இருபத்துமூன்று எண்ணியபோது பக்கம் திறந்தது. மறுமுனையில் ஒரே கூச்சல்.

“அக்கா, தப்பு என்னுதுங்க. பத்து நொடின்னு நான்தான் போட்டு வெச்சிருந்தேன்.”

“ஏன் கண்ணு, உம் புள்ள ஒரு வாய் முழுங்க எத்தன எண்ணுது?”

மகளைப் பார்த்தேன். நான் முதலில் ஊட்டிய களி இன்னும் விழுங்காமல் கன்னத்துக்குள் இருந்தது.

மாலைக்குள் இருபது பேரும் பதிந்தார்கள். சனிக்கிழமை லாரி மலை ஏறியது.

ஆனால் அடுத்த வாரமே, பேசாத இணைப்புகள் அறுபது நொடியும் சுகமாக உட்கார்ந்து சர்வரை மறுபடி அடைத்தன. நாற்பதாக்கினேன். மழைநாளில் மலைக்கு நாற்பது போதுமா? வானம் மூடினால் ஐம்பது ஆக்குகிறேன், வெயிலடித்தால் நாற்பதுக்குத் திரும்புகிறேன். “நீ சர்வரப் பாக்குறியா, மழையப் பாக்குறியா?” என்கிறார் கணவர்.

சர்வர் பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள்: மெதுவாக வருகிறவரையும், பேசாமல் இடத்தை அடைக்கிறவரையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? எத்தனை நொடி வைத்திருக்கிறீர்கள்? அடுத்த சாமை அறுவடைக்கு முன்பாகத் தெரிந்தால் நல்லது. ஒரு வாய் களிக்கு எத்தனை என்று தெரிந்தவர்கள் அதையும் சேர்த்தே எழுதலாம்.