நீலத் தண்ணீரில் மிதந்த துளி

என் எழுத்து கோட்டில் நிற்காது; சாயப்பட்டறைத் தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதியோர் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பல்லடம் பஸ் போர்டு, கடைப் பெயர் என்று எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடக்கிறேன். அத்தனை சந்தோஷம். போன திங்கட்கிழமை பட்டறை வாசல் கரும்பலகையையும் அப்படித்தான் படித்தேன். 'இன்று விடுமுறை. நம் மாஸ்டர் காசிம் பாய் காலமானார்.' யாரும் வந்து சொல்லவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மனைவி மாராத்தாளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கேட்டார்கள். என் ரத்தம் சேரவில்லை. சாயக் கையோடு ஓடி வந்த பாயின் ரத்தம் சேர்ந்தது. நர்ஸம்மா அவர் விரலைக் குத்தி, குப்பியிலிருந்த நீலத் தண்ணீரில் ஒரு துளி விட்டார். சத்துள்ள ரத்தம் முங்குமாம், சத்துக் குறைந்தது மிதக்குமாம்; முங்கினால்தான் எடுப்பார்களாம். அது மிதந்தது.

"இன்னொருக்கா குத்துங்கம்மா, முங்கீரும்," என்றார் பாய். மூன்று விரல் குத்தியும் மிதந்தது. வேறு ரத்தம் வருவதற்குள் மாராத்தாள் போய்விட்டாள்.

துக்கம் எனக்குள் விஷமானது. 'தண்ணிரத்தம்' என்று அவருக்குப் பெயர் வைத்தேன். "துணியெல்லாம் முக்கி எடுக்கறவரு, ஒரு துளி ரத்தத்தை முக்க முடியலையே," என்பேன். எல்லோரும் சிரிப்பீர்கள். பாயும் சிரிப்பார். மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து காட்டுவார். "முருங்கைக்கீரைங்க. அடுத்த தடவை பாருங்க, கல்லாட்டம் முங்கும்."

துக்கத்துக்குப் போனபோது அவர் வீட்டம்மா ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்தார். இங்கிலீஷுக்குக் கீழே நர்ஸம்மா தமிழில் எழுதியிருந்தார். 'இந்த ரத்தக் குறை தாய் தகப்பன் வழியாக வந்தது. கீரையாலும் டானிக்காலும் மாறாது. இவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது.' மாராத்தாள் இறந்த அடுத்த வருடத்துச் சீட்டு.

"அவரு ஏனுங்க சொல்லலை? பட்டறையில எல்லாருக்கும் எழுதிச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"ரெண்டு பொண்ணு இருந்துச்சுங்களேண்ணா. பரம்பரைன்னா யாருங்க கட்டுவாங்க? சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்கன்னாரு. இப்பத்தான் கட்டிக்குடுத்தாச்சே. நீங்க எழுதுங்க."

ஒரு பயனும் இல்லையென்று தெரிந்தே பத்து வருடம் நம் முன்னால் கீரை தின்றிருக்கிறார்.

அந்தப் பெயரை இனி யாரும் சொல்லாதீர்கள். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். கேட்டு வாங்கி வந்தேன். தினமும் படிக்கிறேன். படிக்கத் தெரிந்த சந்தோஷம் அதோடு போயிற்று.

இந்தத் தாளை எழுத ஆறு நாள் ஆனது. அடுத்த வாரம் அவர் பெண்கள் இருவருக்கும் எழுதப்போகிறேன். உங்கள் அப்பாவை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று. எங்கேயாவது உங்கள் துளியும் மிதந்தால், அது யாருடைய தப்பும் இல்லை என்று.